ஸ்பகெட்டி ஸ்குவாஷில் ஒரு இரவுச் சாப்பாடு: தண்ணீர் விடாமல், குழையாமல் செய்ய முழுமையான வழிகாட்டி

ஸ்பகெட்டி ஸ்குவாஷை நீளவாக்கில் பிளக்காதீர்கள். இந்தக் கட்டுரையில் வேறு எதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் இது ஒன்று நிற்கட்டும். பெரும்பாலான சமையல் குறிப்புகள் காம்பிலிருந்து அடிவரை இரண்டாகப் பிளந்து ஓவனில் வைக்கச் சொல்கின்றன. ஆனால் வெந்ததும் ஸ்பகெட்டிபோல இழை இழையாகப் பிரியும் இந்தப் பூசணி வகைக் காயின் இழைகள் நீளவாக்கில் ஓடுவதில்லை. நூல்கண்டில் நூல் சுற்றியிருப்பதுபோல, நடுவில் இருக்கும் விதைக்குழியைச் சுற்றிக் குறுக்கே ஓடுகின்றன. நீளமாகப் பிளந்தால் ஒவ்வொரு சுற்றும் இரண்டு இடத்தில் அறுந்து, துண்டு துண்டாகத்தான் வரும். குறுக்கே வளையம் வளையமாக வெட்டினால், முட்கரண்டியில் சுற்றி எடுக்கும் அளவுக்கு நீள இழை கிடைக்கும்.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை இரவு என்றால் ஸ்பகெட்டி. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது தொடங்கிய வழக்கம் அது. என் கணவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தபின் சில மாதங்கள் நாங்கள் மூவரும் ஸ்பகெட்டி சாப்பிட, அவர் தனியாக ஒரு சாலட் தட்டோடு உட்கார்ந்திருந்தார். ஒரே மேசையில் ஒருவருக்கு மட்டும் பத்தியச் சாப்பாடு போடுவது எனக்குப் பொறுக்கவில்லை. எல்லோரும் ஒரே தட்டைச் சாப்பிடும்படி ஏதாவது வேண்டும் என்று தேடித்தான் இந்தக் காய்க்கு வந்தேன். முதல் இரண்டு மூன்று முறை தட்டின் அடியில் தக்காளித் தண்ணீர் குளமாக நின்றது. அதன்பிறகு பல வாரம் மாற்றி மாற்றிச் செய்து பார்த்ததில் பிடிபட்ட முறையைத்தான் கீழே எழுதுகிறேன்.

இது என்ன காய்

ஸ்குவாஷ் என்றதும் நம்மில் பலருக்குப் பழச்சாறு பாட்டில்தான் ஞாபகம் வரும். அமெரிக்காவில் ஸ்குவாஷ் என்பது பூசணிக் குடும்பத்துக் காய்களுக்கான பொதுப்பெயர். ஹாலோவீனுக்குச் செதுக்கும் ஆரஞ்சுப் பூசணி, பச்சை ஜுக்கினி, இந்த ஸ்பகெட்டி ஸ்குவாஷ் மூன்றும் குகுர்பிட்டா பெப்போ என்ற ஒரே இனத்தைச் சேர்ந்தவை. மெக்சிகோவின் வாஹாகா பகுதிக் குகை ஒன்றில் இந்த இனத்தின் சுமார் 10,000 ஆண்டுப் பழமையான விதைகள் கிடைத்திருக்கின்றன. மனிதர்கள் மிகப் பழங்காலத்திலேயே பயிரிட்ட செடிகளில் இதுவும் ஒன்று.

இழை இழையாகப் பிரியும் இந்த வகை சுற்றி வந்த பாதை சுவையானது. இனத்தின் தாயகம் அமெரிக்கக் கண்டம் என்றாலும், இந்தக் குறிப்பிட்ட வகை கிழக்காசியாவில் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டு, பர்பி விதை நிறுவனம் மூலம் 1936இல் அமெரிக்கத் தோட்டங்களுக்குத் திரும்பி வந்தது. ஜப்பானில் இதைக் கின்ஷி உரி என்பார்கள். பொன்னிழைக் காய் என்று பொருள். அங்கே பாஸ்தாவுக்கு மாற்றாக இதை யாரும் பார்ப்பதில்லை. வட்டமாக வெட்டி, தண்ணீரில் வேகவைத்து, குளிர்ந்த நீரில் போட்டுக் கையாலேயே இழை பிரித்து, வினிகர் சேர்த்துச் சாலட் போலச் சாப்பிடுகிறார்கள். அவர்கள் முதலிலிருந்தே குறுக்கே வெட்டுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

என் அம்மா இங்கே அமெரிக்காவுக்கு வந்திருந்தபோது நான் இழை பிரிப்பதைப் பார்த்துவிட்டு, "அட, இடியாப்பம் மாதிரியே உதிருதே!" என்றார். பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். ஆனால் வாயில் போட்டால் இடியாப்பமும் இல்லை, பாஸ்தாவும் இல்லை. லேசான இனிப்பும், இளசான வெள்ளரிக்காயைப் போல ஒரு கறுக்குத்தன்மையும் இருக்கும். அந்தக் கறுக்கைக் காப்பாற்றுவதுதான் சமையல்.

பாஸ்தாவை எடுத்தால் எது போகிறது, எது மிஞ்சுகிறது

வேகவைத்த சாதாரண ஸ்பகெட்டி ஒரு கப், அதாவது சுமார் 140 கிராம், ஏறக்குறைய 220 கலோரி. அதில் கார்போஹைட்ரேட் 43 கிராம், புரதம் 8 கிராம். வேகவைத்த ஸ்பகெட்டி ஸ்குவாஷ் ஒரு கப், சுமார் 155 கிராம், 42 கலோரிதான். கார்போஹைட்ரேட் 10 கிராம், புரதம் 1 கிராம். இரவில் பாஸ்தா சாப்பிடும் யாரும் ஒரு கப்போடு நிறுத்துவதில்லை. இரண்டு கப் சாதாரணமாகப் போய்விடும். அப்படிப் பார்த்தால் 86 கிராம் கார்போஹைட்ரேட் இருந்த இடத்தில் 20 கிராம் வருகிறது. சாப்பிட்ட இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை அளவு பார்ப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் மீட்டரிலேயே தெரியும்.

ஆனால் நார்ச்சத்து அதிகம் என்று நினைத்து இதைச் சாப்பிட வேண்டாம். ஒரு கப்புக்கு இரண்டிலும் ஏறக்குறைய இரண்டு, இரண்டரை கிராம்தான் இருக்கிறது. இதன் லாபம் மாவுச்சத்து குறைவதில் இருக்கிறது. இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும், சர்க்கரையைத் தாழ்த்தும் சில மாத்திரைகள் எடுப்பவர்களும் வழக்கமான அளவு மருந்தை எடுத்துவிட்டுத் திடீரென்று ஒரு வேளைச் சாப்பாட்டின் மாவுச்சத்தைக் கால்வாசியாகக் குறைத்தால், சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிடலாம். முதல்முறை செய்வதற்கு முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இப்போது சமையலுக்கு வருவோம். பாஸ்தா தட்டில் வயிறு நிரப்புவதைத் தவிர மூன்று வேலைகளைச் சத்தமில்லாமல் செய்கிறது. அதன் மாவு சாஸைப் பிடித்துக்கொள்கிறது. உப்புத் தண்ணீரில் வெந்திருப்பதால் உப்பையும் கொண்டுவருகிறது. ஓரளவு புரதமும் தருகிறது. ஸ்குவாஷ் இந்த மூன்றையும் செய்யாது. அதற்கு மேல், வெந்த காயில் 92 சதவீதம் தண்ணீர். பாஸ்தாவுக்குச் செய்யும் அதே சாஸை அப்படியே இதன்மேல் ஊற்றினால் சாஸின் தண்ணீரும் காயின் தண்ணீரும் சேர்ந்து தட்டில் ஓடும். அதனால் காயின் ஈரத்தை முடிந்த மட்டும் போக்க வேண்டும், சாஸை வழக்கத்தைவிடக் கெட்டியாகக் காய்ச்ச வேண்டும், உப்பை இழையிலேயே சேர்க்க வேண்டும், புரதத்துக்குத் தனியாக வழி பார்க்க வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படிக்கும் காரணம் இந்த நான்கில் ஒன்றுதான்.

நான்கு பேருக்குத் தேவையானவை

காய்க்கு: ஒன்றரை முதல் 1.8 கிலோ எடையுள்ள ஒரு ஸ்பகெட்டி ஸ்குவாஷ், ஒன்றரை டீஸ்பூன் உப்பு, மூன்று டேபிள்ஸ்பூன் ஆலிவ் எண்ணெய், மிளகுத்தூள்.

சாஸுக்கு: 800 கிராம் முழுத்தக்காளி டின் ஒன்று, தக்காளி பேஸ்ட் ஒரு டேபிள்ஸ்பூன், பூண்டு ஐந்து பல், சின்னதாக ஒரு வெங்காயம், ஆலிவ் எண்ணெய் இரண்டு டேபிள்ஸ்பூன், உடைத்த காய்ந்த மிளகாய் அரை டீஸ்பூன், பேசில் இலை ஒரு கைப்பிடி, உப்பு.

உருண்டைக்கு: வான்கோழி அல்லது கோழிக் கொத்துக்கறி 450 கிராம், ஓட்ஸ் கால் கப், பால் மூன்று டேபிள்ஸ்பூன், முட்டை ஒன்று, துருவிய பார்மசான் சீஸ் 25 கிராம், பூண்டு இரண்டு பல், பார்ஸ்லி ஒரு கைப்பிடி, அரை டீஸ்பூன் சோம்பு, முக்கால் டீஸ்பூன் உப்பு, மிளகு. மேலே தூவ இன்னும் கொஞ்சம் பார்மசான்.

சைவத்துக்கு என்ன செய்வது என்பதைப் பின்னால் தனியாக எழுதியிருக்கிறேன்.

காயைத் தேர்ந்தெடுப்பது

நான் இருக்கும் நியூ ஜெர்சியில் செப்டம்பர், அக்டோபரில் பண்ணைக் கடைகளில் இது குவிந்து கிடக்கும். விளைச்சல் கோடை முடிவில்தான். ஆனால் தோல் தடித்திருப்பதால் குளிர்காலத்துக்குச் சேமித்து வைக்கலாம். குளிர்கால ஸ்குவாஷ் என்ற வகைப்பெயர் அப்படி வந்ததுதான். கடைகளில் ஆண்டு முழுக்கக் கிடைத்தாலும் அறுவடைக் காலத்துக் காய்க்குச் சுவை கூடுதல்.

நல்ல மஞ்சள் நிறமாக இருக்க வேண்டும். பச்சை பூத்திருந்தால் இன்னும் முற்றவில்லை. இழை சரியாகப் பிரியாது. தோல் பளபளக்காமல் மங்கலாக இருப்பது முற்றியதற்கு அடையாளம். கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் இறங்கக் கூடாது. காம்பு காய்ந்து, ஆனால் விழாமல் இருக்கட்டும். காம்பு போன இடத்தில்தான் அழுகல் தொடங்கும். ஒரு பக்கம் மட்டும் வெளிறிய திட்டு இருந்தால் கவலை வேண்டாம். மண்ணில் படுத்திருந்த இடம் அது. கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்க வேண்டும்.

வீட்டில் வெயில் படாத, குளிர்ச்சியான, காற்றோட்டமான இடத்தில் வைத்தால் ஒரு மாதத்துக்கு மேலேயே தாங்கும். வெட்டாத காயை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள்.

வெட்டுவது

இந்தச் சமையலில் ஆபத்தான கட்டம் இதுதான். தோல் கல் போல இருக்கும், காயோ உருளும். கத்தி வழுக்கிக் கை வெட்டிக்கொள்வது மிக எளிது. அவசரமாகச் செய்யாதீர்கள்.

முதலில் கத்திமுனையால் காயின் பல இடங்களில் ஆழமாகக் குத்துங்கள். பத்துப் பன்னிரண்டு குத்தாவது வேண்டும். பிறகு முழுக்காயை மைக்ரோவேவில் மூன்று நிமிடம் வையுங்கள். குத்தாமல் வைத்தால் உள்ளே நீராவி அடைபட்டு வெடித்துவிடும். மூன்று நிமிடத்தில் காய் வேகாது, தோல் மட்டும் கத்திக்கு இடம் கொடுக்கும்.

வெட்டும் பலகைக்கு அடியில் ஈரத்துணி விரித்துக்கொள்ளுங்கள், பலகை நகராது. காயைப் படுக்க வைத்து இரண்டு முனைகளையும் வெட்டி எடுங்கள். அப்புறம் நான்கு சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டு விரல் தடிமனில், குறுக்கே வளையங்களாக வெட்டுங்கள். நடுத்தரக் காயில் ஐந்தாறு வளையம் வரும். ஒவ்வொன்றின் நடுவிலும் இருக்கும் விதையையும் நாரையும் ஸ்பூனால் சுரண்டி எடுங்கள். விதையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இந்த இடத்தில் ஒரு சிறு துணுக்கை நுனிநாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் உடனே துப்பிவிட்டு முழுக்காயையும் குப்பையில் போட்டுவிடுங்கள். பூசணி, சுரை இனங்களில் அபூர்வமாகக் குகுர்பிட்டாசின் என்ற கசப்புப் பொருள் கூடிவிடும். அது வாந்தியும் கடுமையான வயிற்றுப்போக்கும் உண்டாக்கும், வேகவைத்தாலும் போகாது. சுரைக்காய் கசந்தால் சமைக்கக் கூடாது என்று நம் வீடுகளில் சொல்வதும் இதனால்தான். வீட்டுத் தோட்டத்தில், தானே முளைத்த கொடியில் காய்த்ததாக இருந்தால் இந்தச் சோதனையை விடவே கூடாது.

உப்புப் போட்டு நீரை இறக்குவது

வளையங்களின் இரண்டு பக்கமும் ஒன்றரை டீஸ்பூன் உப்பைப் பரவலாகத் தூவி, பேக்கிங் தாள் விரித்த தட்டில் இருபது நிமிடம் விடுங்கள். வியர்த்ததுபோல முத்து முத்தாகத் தண்ணீர் துளிர்க்கும். அதைக் காகிதத் துண்டால் நன்றாக ஒற்றி எடுங்கள். உப்பின் பெரும்பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும், கொஞ்சம் காயில் இறங்கியிருக்கும். பாகற்காய்க்கும் கத்தரிக்காய்க்கும் உப்புப் பிசறி வைப்பதைப் போலத்தான் இதுவும்.

இதற்குள் ஓவனை 200 டிகிரி செல்சியஸுக்கு, அதாவது 400 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குச் சூடேற்றிவிடுங்கள்.

ஓவனில்

ஒற்றி எடுத்த வளையங்களின் இரண்டு புறமும் இரண்டு டேபிள்ஸ்பூன் ஆலிவ் எண்ணெயைத் தடவுங்கள். ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் அடுக்குங்கள். மூடாதீர்கள். தட்டில் தண்ணீர் ஊற்றி ஃபாயில் போட்டு மூடச் சொல்லும் குறிப்புகள் இருக்கின்றன. அது அவிப்பது. எந்தத் தண்ணீரைப் போக்கப் பாடுபடுகிறோமோ அதையே மறுபடி ஏற்றுகிற வேலை. வளையத்தின் நடுவே ஓட்டை இருப்பதால் சூடு எல்லாப் பக்கமும் படும், நீராவி தடையில்லாமல் வெளியேறும். வளையமாக வெட்டுவதன் இரண்டாவது லாபம் இது.

இருபது நிமிடம் கழித்துத் திருப்பிப் போடுங்கள். இன்னும் பதினைந்து நிமிடத்தில் தயாராகிவிடும். ஓரங்கள் லேசாகப் பழுப்பேறினால் நல்லது, சுவை கூடும். பதம் பார்ப்பது எப்படி? முட்கரண்டியால் உள்விளிம்பில் லேசாக இழுங்கள். இழை தயக்கமில்லாமல் பிரிந்து வர வேண்டும், வாயில் போட்டால் மெல்லிய கறுக் இருக்க வேண்டும். கட்டியாக ஒட்டிக்கொண்டு வந்தால் இன்னும் ஐந்து நிமிடம். விரலால் நசுக்கினால் களியாகிறது என்றால் வேக்காடு மீறிவிட்டது. அதைத் திரும்பச் சரிசெய்ய வழியில்லை. இழைகளைப் பிணைத்திருக்கும் பெக்டின் சூட்டில் கரைவதால்தான் காய் இழை இழையாகப் பிரிகிறது. சூடு நீண்டால் இழைக்குள்ளே இருக்கும் பிணைப்பும் விட்டுப்போகும். அதனால் முப்பதாவது நிமிடத்திலிருந்தே பார்க்கத் தொடங்குங்கள்.

அதற்குள் சாஸ்

காய் உப்பில் ஊறும்போதே சாஸைத் தொடங்கிவிட்டால் எல்லாம் ஒரே நேரத்தில் முடியும்.

தக்காளியைப் பற்றி ஒரு வார்த்தை. டின்னில் முழுத்தக்காளியாக வாங்குங்கள். துண்டு போட்ட தக்காளி டின்களில் துண்டுகள் உருக்குலையாமல் இருக்கப் பெரும்பாலும் கால்சியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள். எவ்வளவு நேரம் கொதித்தாலும் அவை கரைந்து கெட்டிப்படாது. நமக்கு வேண்டியதோ கெட்டிச் சாஸ். உப்புச் சேர்க்காத டின் கிடைத்தால் இன்னும் நல்லது, உப்பு நம் கையில் இருக்கும். பாட்டில் சாஸ் வாங்குவதானால் பின்பக்க லேபிளைப் படியுங்கள். பலவற்றில் சர்க்கரை சேர்த்திருப்பார்கள். பாஸ்தாவைத் தவிர்த்துவிட்டு அந்தச் சர்க்கரையைச் சாப்பிடுவதில் அர்த்தமில்லை.

வாயகன்ற பாத்திரமாக எடுத்துக்கொள்ளுங்கள். அகலம் கூடினால் தண்ணீர் சீக்கிரம் வற்றும். இரண்டு டேபிள்ஸ்பூன் ஆலிவ் எண்ணெயில் பொடியாக நறுக்கிய வெங்காயத்தைச் சிறுதீயில் எட்டு நிமிடம் வதக்குங்கள். மெல்லிசாகச் சீவிய பூண்டையும் உடைத்த மிளகாயையும் சேர்த்து இரண்டு நிமிடம். பூண்டு சிவந்தால் கசக்கும். மணம் வந்ததும் அடுத்த வேலைக்குப் போய்விட வேண்டும். தக்காளி பேஸ்டைப் போட்டு, நிறம் செங்கல் நிறத்துக்குக் கறுக்கும்வரை பிரட்டுங்கள். இந்த ஒரு நிமிடம் சாஸுக்குத் தரும் ஆழம் பெரிது. பிறகு டின் தக்காளியைக் கையாலேயே நசுக்கிப் போட்டு, அரை டீஸ்பூன் உப்பும் பேசில் காம்புகளும் சேர்த்து, மூடாமல், மிதமான தீயில் முப்பது நிமிடம் விடுங்கள். அடிக்கடி கிளறுங்கள்.

பதம்: மரக்கரண்டியால் பாத்திரத்தின் அடியில் ஒரு கோடு இழுத்தால் அந்தக் கோடு இரண்டு மூன்று விநாடி அப்படியே நிற்க வேண்டும். சந்தேகமிருந்தால் ஒரு ஸ்பூன் சாஸை வெள்ளைத் தட்டில் வைத்துச் சாய்த்துப் பாருங்கள். ஓரத்தில் தண்ணீர் வளையம் பிரிந்தால் இன்னும் காய வேண்டும். நம் ஊர்த் தக்காளித் தொக்குக்குக் கொஞ்சம் முந்தைய நிலை என்று வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்தாவுக்கு இந்தச் சாஸ் அதிகக் கெட்டி. ஸ்குவாஷுக்குச் சரியான பதம்.

உருண்டைகள்

ஸ்பகெட்டியும் இறைச்சி உருண்டையும் சேர்ந்த தட்டு அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த இத்தாலியர்கள் இங்கே உருவாக்கியது. இத்தாலியில் பொல்பெத்தே என்ற உருண்டைகளைப் பெரும்பாலும் தனியாகத்தான் சாப்பிடுவார்கள். நமக்கு அது புரதத்துக்கான வழி. 450 கிராம் வான்கோழிக் கொத்துக்கறியில் ஆளுக்கு இருபது கிராமுக்கு மேல் கிடைத்துவிடும்.

ஓட்ஸைப் பொடித்துப் பாலில் ஐந்து நிமிடம் ஊறவிடுங்கள். ரொட்டித்தூளுக்குப் பதில் இது; கொழுப்புக் குறைந்த கறி வறண்டுபோகாமல் காப்பதும் இதுதான். சோம்பை நசுக்கிப் போட்டு, மீதி எல்லாவற்றையும் சேர்த்து விரல்நுனியால் லேசாகக் கலந்துகொள்ளுங்கள். சப்பாத்தி மாவுபோலப் பிசைந்தால் உருண்டை ரப்பராகிவிடும். கையில் எண்ணெய் தொட்டுக்கொண்டு சின்ன எலுமிச்சை அளவில் பதினாறு உருண்டை பிடியுங்கள். காய் இருக்கும் ஓவனிலேயே இரண்டாவது தட்டில் பதினைந்து முதல் பதினெட்டு நிமிடம். கோழி, வான்கோழி இறைச்சியின் உட்சூடு 74 டிகிரி செல்சியஸை எட்ட வேண்டும். வெப்பமானி இல்லையென்றால் ஒன்றைப் பிட்டுப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு தெரியக் கூடாது. வெந்ததும் சாஸில் போட்டு ஐந்து நிமிடம் சிறுதீயில் வையுங்கள்.

இழை பிரித்து, உலர்த்தி, தட்டில் வைப்பது

ஓவனிலிருந்து எடுத்த வளையங்களைப் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். தோல் இப்போது விரலாலேயே உரிந்து வரும். வளையத்தை ஓரிடத்தில் வெட்டி விரித்து, முட்கரண்டியால் வட்டப்போக்கிலேயே இழுத்துப் பிரியுங்கள். நான்கிலிருந்து ஐந்து கப் இழை கிடைக்கும்.

அடுத்த படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சுத்தமான பருத்தித் துண்டில் இழைகளைப் பரப்பி ஐந்து நிமிடம் ஆவி போகவிடுங்கள். பிழியாதீர்கள், உடைந்துவிடும். பிறகு அகலமான வாணலியை நன்றாகச் சூடாக்கி, மீதி ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் விட்டு, இழைகளைப் போட்டு இரண்டு நிமிடம் கிடுக்கியால் தூக்கித் தூக்கிப் பிரட்டுங்கள். உஸ்ஸென்று ஆவி கிளம்புவது அடங்கிக்கொண்டே வரும். அடங்கியதும் மிளகுத்தூள் போட்டு, ருசி பார்த்து உப்பைச் சரிசெய்து, ஒரு டேபிள்ஸ்பூன் பார்மசான் தூவுங்கள். சீஸ் உருகி இழைமேல் மெல்லிய பூச்சாகப் படியும். பாஸ்தா மாவு செய்யும் சாஸ் பிடிக்கும் வேலையை ஓரளவு அது எடுத்துக்கொள்ளும்.

தட்டில் இழையைக் குவித்து, நடுவில் குழி செய்து, சாஸை மேலே போடுங்கள். நான்கு உருண்டை, கிள்ளிய பேசில் இலை, இன்னும் கொஞ்சம் சீஸ். சாஸோடு முன்கூட்டியே கலந்து வைக்காதீர்கள். உப்பும் புளிப்பும் பட்டால் காய் மறுபடி தண்ணீர் விடத் தொடங்கும். அவரவர் தட்டில் அவரவர் கலந்துகொள்ளட்டும்.

சைவமாக

உருண்டைக்குப் பதில் 250 கிராம் காளானும் 150 கிராம் தோலுள்ள முழு மைசூர்ப் பருப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். பருப்பைத் தனியாகத் திறந்த பாத்திரத்தில், குழையாமல், பல்லில் அகப்படும் பதத்தில் வேகவைத்து நன்றாக வடித்துவிடுங்கள். காளானைப் பொடியாக நறுக்கி, காய்ந்த வாணலியில் உப்பில்லாமல் வதக்கி நீரை வற்றவைத்து, அதன்பிறகு எண்ணெயும் உப்பும் சேர்த்துச் சிவக்க வறுங்கள். இரண்டையும் சாஸ் முக்கால் பதம் வந்ததும் போடுங்கள். ஆளுக்கு ஒன்பது பத்துக் கிராம் புரதம் கிடைக்கும். பருப்பில் கார்போஹைட்ரேட்டும் உண்டு என்பதைச் சர்க்கரை கணக்குப் பார்ப்பவர்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சீஸைப் பற்றிச் சைவர்கள் அறிந்திருக்க வேண்டியது ஒன்று. இத்தாலியின் அசல் பார்மசானான பார்மிஜானோ ரெஜானோ கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டைக் கொண்டுதான் பாலை உறையவைத்துச் செய்யப்படுகிறது. நுண்ணுயிரிலிருந்து எடுத்த ரென்னெட் என்று லேபிளில் எழுதிய வேறு கெட்டிச் சீஸ்கள் கடைகளில் இருக்கின்றன, அவற்றை வாங்குங்கள். சீஸே வேண்டாம் என்றால் வறுத்துப் பொடித்த வால்நட்டும் சிட்டிகை உப்பும் தூவினால் நன்றாக இருக்கும்.

நேரமில்லாத நாளில்

விதை நீக்கிய வளையங்களை ஒரு தட்டில் அடுக்கி மைக்ரோவேவில் எட்டிலிருந்து பத்து நிமிடம் வைத்தால் போதும். ஓவனின் பழுப்பும் மணமும் வராது. வாணலியில் பிரட்டும் நேரத்தை ஐந்து நிமிடமாக்கி ஓரளவு ஈடுகட்டலாம். மின்சார பிரஷர் குக்கரில் அடியில் ஒரு கப் தண்ணீர், மேலே தட்டு, குறுக்கே வெட்டிய இரண்டு பாதிகள், ஏழு நிமிட அழுத்தம். வேகம் இதில்தான் அதிகம், ஈரமும் இதில்தான் அதிகம். விருந்தினர் வரும் நாளில் குக்கர் வேண்டாம் என்பது என் கருத்து.

இந்தக் காய் கிடைக்காத ஊரில் இருப்பவர்கள் சாதாரணப் பரங்கிக்காயையோ பட்டர்நட் ஸ்குவாஷையோ இப்படிச் செய்து பார்க்க வேண்டாம். அவை இழையாகப் பிரியாது. ஜுக்கினி கிடைத்தால் சுருள் சுருளாகச் சீவி, உப்புப் பிசறி, ஒற்றி எடுத்து, வாணலியில் இரண்டே நிமிடம் வதக்கி இதே சாஸோடு சாப்பிடலாம்.

பிள்ளைகள் இருக்கும் வீட்டில்

"இன்னைக்கு ஸ்பகெட்டி" என்று சொல்லிவிட்டு இதை வைக்காதீர்கள். ஏமாற்றப்பட்டதாக நினைப்பார்கள், அடுத்த முறை தொடவே மாட்டார்கள். இது வேறு ஒரு காய் என்று சொல்லி, இழை பிரிக்கும் வேலையை அவர்களிடமே கொடுங்கள். என் மகள் சாப்பிடத் தொடங்கியது அப்படித்தான். முதல் சில வாரம் பாதி ஸ்பகெட்டி, பாதி ஸ்குவாஷ் கலந்து கொடுத்தேன். ஓடியாடும் பிள்ளைகளுக்கு மாவுச்சத்து தேவை, அவர்களுக்கு முழுவதும் மாற்றிவிட வேண்டிய அவசியமே இல்லை. இன்றும் மகனின் தட்டில் பாதி பாஸ்தாதான்.

மிஞ்சினால்

இழையையும் சாஸையும் தனித்தனி டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள். மூன்று நான்கு நாள் தாங்கும். சாஸை ஃப்ரீசரில் வைக்கலாம். இழையை அப்படி வைத்தால் உருகும்போது தண்ணீராகிவிடும். மறுநாள் அந்த இழையை எடுத்து, இந்தமுறை தயங்காமல் துணியில் கட்டிப் பிழிந்து, ஒரு கப்புக்கு இரண்டு முட்டை, பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சைமிளகாய், மிளகு, உப்புக் கலந்து தோசைக்கல்லில் சின்னச் சின்ன அடையாக ஊற்றுங்கள். ஓரம் மொறுமொறுவென்று வரும்வரை திருப்பாதீர்கள்.

எடுத்து வைத்த விதைகளை நாரில்லாமல் அலசி, துணியில் துடைத்து, ஒரு டீஸ்பூன் எண்ணெயும் உப்பும் மிளகாய்த்தூளும் பிசறி, 160 டிகிரி செல்சியஸில் பதினைந்திலிருந்து இருபது நிமிடம் வறுத்தெடுங்கள். வெடிக்கும் சத்தம் கேட்கத் தொடங்கினால் எடுத்துவிடலாம்.